வீட்டு வேலை வேறு, உடற்பயிற்சி வேறு!

40 வயதுப் பெண்கள் கூட்டமாகக் கிளம்ப வேண்டியது ஏன்? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் ஒரு பார்வை

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ 40 வயதைத் தாண்டிய ஒரு பெண்மணியிடம் "தினமும் உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். பதில் டக்கென்று வரும்.

"எனக்கு எதுக்குங்க எக்சர்சைஸ்? காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சா ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்கார நேரமில்ல. வீட்டு வேலை போதாதா?"

நியாயமான கேள்விதான். கேட்பவர் சோம்பேறி அல்ல. வீட்டில் எல்லாரையும் விட அதிகம் ஓடி ஆடுகிறவர் அவர்தான்.

ஆனாலும் போதாது என்கிறது மருத்துவம். அதிலும் மாதவிலக்கு நிற்பதற்கு முந்திய சில வருடங்களில் நிச்சயமாகப் போதாது. காரணம் என்ன?

உழைக்கும் ஊர்

முதலில் இந்த வட்டாரத்துப் பெண்கள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று பார்ப்போம்.

ராஜபாளையம் மில் ஊர். பி.ஏ.சி.ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதன் பிறகு சுற்றிலும் எத்தனையோ நூற்பு ஆலைகள் வந்துவிட்டன. மில்லில் வேலை பார்க்கும் பெண் ஷிப்டு முழுவதும் மெஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்க வேண்டும். நூல் அறுந்தால் ஒட்ட வேண்டும்.

பக்கத்தில் சத்திரப்பட்டி. ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டுகிறார்களே, அந்த பேண்டேஜ் துணிக்குப் பெயர் போன ஊர். இங்கே தறிச் சத்தம்தான் தாலாட்டு. இன்னொரு பக்கம் தளவாய்புரம். ஊர் ஊருக்கு நைட்டி தைத்து அனுப்பும் ஊர். அங்கே தையல் மெஷின் முன்னால் குனிந்தபடி உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கிராமங்களில் இருந்து சிவகாசி வட்டாரத்துத் தீப்பெட்டி, பட்டாசு வேலைக்கு வேனில் போகிறவர்களும் உண்டு. அதுவும் உட்கார்ந்த வேலைதான்.

ஆக, ஒருவர் எட்டு மணி நேரம் நிற்கிறார். ஒருவர் எட்டு மணி நேரம் உட்காருகிறார். வீட்டுக்கு வந்தால் இருவருக்கும் அடுப்பு காத்திருக்கிறது. இரண்டு பேருமே களைத்துப் போகிறார்கள். களைத்துப் போவதும் உடம்பு பலப்படுவதும் ஒன்றல்ல. சிக்கல் இங்கேதான்!

என்ன வித்தியாசம்?

வேலை செய்யும்போது உடம்பு ஒரே அசைவைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறது. தைப்பவருக்குக் கழுத்தும் தோளும் தேய்கின்றன. மில்லில் நிற்பவருக்குக் கால் நரம்பு சுருட்டிக்கொள்கிறது. தண்ணீர்க் குடத்தை எப்போதும் ஒரே இடுப்பில் வைப்பவருக்கு ஒரு பக்கம் மட்டும் வலி.

இதயம் வேகமாகத் துடித்து, மூச்சு வாங்கி, பிறகு ஓய்வெடுப்பது என்பது நடப்பதே இல்லை. நாள் முழுவதும் ஒரே மந்த கதி.

டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதைப் பல வருடங்களாக ஆராய்ந்து வருகிறார்கள். ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் பயிற்சி இதயத்துக்குத் தரும் நன்மையை, வேலையில் படும் பாடு தருவதில்லை என்பது அவர்கள் கண்டது. இந்த ஆராய்ச்சிகளில் பெரும்பகுதி ஆண் தொழிலாளர்களிடம் நடந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் வீட்டு வேலையையும் கணக்கில் சேர்க்கத்தான் செய்கிறது. 2020-ல் அது வெளியிட்ட கணக்கு இது: பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மூச்சு கொஞ்சம் வாங்கும் அளவுக்கு இயக்கம் தேவை. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சி வேண்டும்.

முதல் பாதியை நம் பெண்களில் சிலர் ஓடி ஆடியே எட்டிவிடலாம். இரண்டாவது பாதி இருக்கிறதே, அதை வீட்டு வேலையில் எட்டுவது கஷ்டம்.

எல்லாரும் ஓடி ஆடுகிறார்கள் என்று நினைப்பதும் தப்பு. "லான்செட்" மருத்துவ இதழ் குழுமம் 2024-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2022 நிலவரப்படி இந்தியாவில் போதிய உடல் இயக்கம் இல்லாத பெண்கள் 100-க்கு 57 பேர். ஆண்கள் 42 பேர். வேலை செய்து ஓய்ந்து போவதாகச் சொல்லப்படும் பெண்கள்தான் இதில் ஆண்களை முந்துகிறார்கள்!

உரல் போச்சு, உலக்கை போச்சு

நம் பாட்டிமார் ஜிம்முக்கா போனார்கள் என்று கேட்பவர்கள் உண்டு.

போகவில்லை. ஆனால் ஒரே உரலில் இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று, உலக்கையை மாற்றி மாற்றிப் போட்டு நெல் குத்தினார்கள். கிணற்றில் வாளி போட்டு இறைத்தார்கள். ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டினார்கள். தோள், முதுகு, தொடை எல்லாவற்றுக்கும் அதில் பாரம் இறங்கியது. எலும்புக்கு வேண்டியது அந்தப் பாரம்தான்.

அப்புறம் மிக்சி வந்தது, கிரைண்டர் வந்தது. 2011-ல் தமிழக அரசே இரண்டையும் வீடு வீடாக இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. ஸ்டிக்கர் கோலம் வந்த பிறகு வாசலில் குனிந்து புள்ளி வைப்பது கூடப் பல வீடுகளில் குறைந்துவிட்டது.

இதற்காக யாரும் உரலைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. பாட்டிமார் பட்ட கஷ்டம் அவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் காலத்துப் பெண்கள் எல்லாம் திடகாத்திரமாக இருந்தார்கள் என்பதும் பாதிக் கதைதான். பிரசவத்தில் எத்தனை பேர் போனார்கள்! வேலை போனது நல்லது. வேலையோடு சேர்ந்து போன பலத்தை வேறு வழியில் சம்பாதிக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஏன் முன்பே?

"எல்லாம் நின்ன பிறகு பாத்துக்கலாம்" என்று நினைக்கும் தாய்மார்கள் இந்தப் பகுதியைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிலக்கு வராவிட்டால் அது நின்றுவிட்டதாக டாக்டர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். மேலை நாடுகளில் இது சராசரியாக 51 வயதில் நடக்கிறது. இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. நான்கைந்து வருடம் முன்னால்!

நிற்பதற்கு முன் சில வருடங்கள் உடம்பு தடுமாறும். மாதவிலக்கு 20 நாளில் வரும், அடுத்தது இரண்டு மாதம் கழித்து வரும். சிலருக்குக் கொட்டித் தீர்க்கும். திடீரென்று உடம்பெல்லாம் அனல் அடிக்கும். நடுராத்திரி வியர்த்து ஊற்றித் தூக்கம் கலையும். காரணமில்லாமல் கோபம், அழுகை. முட்டி வலி, தோள் வலி. இடுப்பைச் சுற்றிச் சதை.

ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு நீர் ஏறி இறங்கிக் கடைசியில் குறைந்து போவதால் வரும் மாற்றங்கள் இவை. எலும்புக்குக் காவல்காரனும் அந்த நீர்தான்.

அமெரிக்காவில் 1996-ல் "ஸ்வான்" என்ற பெயரில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. நடுத்தர வயதுப் பெண்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். அதில் தெரிந்த முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. கடைசி மாதவிலக்குக்குப் பிறகு அல்ல, அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே எலும்பு வேகமாகக் கரையத் தொடங்கிவிடுகிறது!

கடைசி மாதவிலக்கு எது என்று எந்தப் பெண்ணுக்கும் முன்கூட்டித் தெரியாது. அப்படியானால் எப்போது ஆயத்தமாக வேண்டும்? 40-ல் இருந்தே. அதற்கு முன்பே என்றால் இன்னும் நல்லது.

எலும்பு கரைவது வலிக்காது. சத்தம் போடாது. 65 வயதில் குளியலறையில் வழுக்கி விழும்போதுதான் தெரியும். இடுப்பு எலும்பு முறிந்து படுத்தவர்களை நம் தெருவிலேயே பார்த்திருக்கிறோம். அந்த வீட்டில் மருமகளோ மகளோ வேலையை விட்டுவிட்டு உட்கார வேண்டி வந்ததையும் பார்த்திருக்கிறோம்.

உண்மையையும் சொல்லிவிடுவோம். உடற்பயிற்சி செய்தால் அந்த அனல் அடிப்பது நின்றுவிடும் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை. சிலருக்குக் குறையலாம், சிலருக்குக் குறையாது. ஆனால் தூக்கம், மனநிலை, எலும்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் இவற்றுக்கெல்லாம் பயிற்சி நல்லது என்பதில் சந்தேகம் இல்லை.

தனியாகப் போகாதே!

சரி, ஏன் கூட்டமாகச் செய்ய வேண்டும்? வீட்டுக்குள்ளேயே செய்யக்கூடாதா?

செய்யலாம். மூன்று நாள் செய்வார்கள். நாலாவது நாள் பால் பொங்கும், பையனுக்கு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டி வரும், மாமியார் கூப்பிடுவார். வீட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்கு "இது என் நேரம்" என்று சொல்ல முடியாது. வாசலில் இன்னொருத்தி வந்து நின்று, "யக்கா, கிளம்பலையா? மதினி ரெடியாயிட்டாங்க" என்று குரல் கொடுத்தால் கதையே வேறு.

இந்த ரகசியம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புதிதல்ல. ஆண்டாள் பாடிய திருப்பாவையில் 30 பாசுரங்கள். அதில் ஒரு நல்ல பகுதி என்ன? மார்கழி விடியலில் வீடு வீடாகப் போய்த் தோழிகளை எழுப்புவது. தூங்குகிறவளை விட்டுவிட்டுப் போகவில்லை. கேலி செய்து, கெஞ்சி, எல்லாரையும் சேர்த்துக்கொண்டுதான் நீராடப் போகிறார்கள்.

அவர்கள் இளம்பெண்கள். முட்டி வலி கிடையாது. இருந்தாலும் முறை ஒன்றுதான். கதவைத் தட்ட ஒருத்தி வேண்டும்.

பாதுகாப்பும் ஒரு காரணம். விடியற்காலை இருட்டில் தனியாக நடந்து போகும் பெண்ணுக்குத் தெருநாய் பயம். செயின் பறிப்பு பயம். தெருவிளக்கு எரியாத இடங்களில் ஆண்களே தயங்குகிறார்கள். நாலைந்து பேர் சேர்ந்து பேசிக்கொண்டே போனால் பாதி பயம் போய்விடும். கழுத்தில் கிடப்பதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனால் மீதிப் பயமும் போகும்.

கேலிக்கும் கூட்டம்தான் மருந்து. சேலைக்கு மேல் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு தெருவில் இறங்கும் பெண்ணைப் பார்த்து, "என்னத்தா, போலீஸ் செலக்ஷனா?" என்று திண்ணையில் இருந்து ஒரு குரல் வரும். ஒருத்தி என்றால் மறுநாள் வீட்டோடு இருந்துவிடுவாள். ஆறு பேர் என்றால் திண்ணைக்காரர் வாயை மூடிக்கொள்வார்!

கும்மியில் என்ன இருக்கிறது?

கூட்டுப் பயிற்சி என்றதும் இங்கிலீஷ் பாட்டு, ஜிம், டிரெட்மில் என்று பயப்பட வேண்டாம். நம் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. முளைப்பாரிக் கும்மி!

மாரியம்மன் கோவில் பொங்கல் வந்தால் முளைப்பாரி வளர்த்து, ராத்திரி நேரத்தில் பெண்கள் வட்டமாக நின்று கும்மி கொட்டுவதை இந்த வட்டாரக் கிராமங்களில் பார்த்திருப்பீர்கள். குனிந்து நிமிர வேண்டும். கால் மாற்றி வைக்க வேண்டும். காலைத் தரையில் தட்ட வேண்டும். கையை ஓங்கிக் கொட்ட வேண்டும். நடுநடுவே பாட வேண்டும். பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கும்.

பாதம் தரையில் தட்டும் அந்த அதிர்ச்சி எலும்புக்கு நல்லது. வெறும் நடைக்கு இந்தக் குணம் குறைவு. நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது. எலும்புக்கு அது மட்டும் போதாது.

குறை என்னவென்றால், கும்மி வருடத்தில் சில நாள்தான். திருவிழா முடிந்தால் அதுவும் முடிந்தது. இருக்கன்குடிக்குப் பாதயாத்திரை போகும் பெண்களும் அப்படித்தான். ஆடி மாதத்தில் கால் கொப்புளிக்க நடப்பார்கள். ஆவணியில் அடுத்த தெருவுக்கு ஆட்டோ கேட்பார்கள். சதுரகிரி மலை ஏறி வந்தவர்கள் ஒரு வாரம் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் தெரிந்த கதை. வருடம் முழுவதும் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் மலை ஏறினால் வேறென்ன நடக்கும்?

கும்மியை வருடம் முழுவதும் ஆட முடியுமா? கொங்கு நாட்டில் முடித்துக் காட்டியிருக்கிறார்கள். அங்கே வள்ளி ஒயில் கும்மி என்று ஓர் ஆட்டம். ஒரு காலத்தில் ஆண்கள் மட்டும் ஆடியது. கோவை மாவட்டத்தைச் சேர்ந்த கலைஞர் பத்ரப்பன் அதைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். இதற்காக 2024-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இன்று கொங்குப் பகுதியில் பள்ளிக்கூடச் சிறுமிகளோடு தாய்மார்களும் ஒரே நிறச் சேலை கட்டி வரிசையாக நின்று ஆடுகிறார்கள்.

கடல் தாண்டியும் இதே கதைதான். சீனாவில் சாயங்காலம் ஆனால் ஊர்ச் சதுக்கங்களில் நடுத்தர வயதுப் பெண்கள் ஒரு ஸ்பீக்கரை வைத்துக் கூட்டமாக ஆடுவது வழக்கம். சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவதும் வழக்கம்! ஜப்பானில் 1928-ல் இருந்து ரேடியோவில் உடற்பயிற்சி ஒலிபரப்பு நடக்கிறது. காலை 6.30 மணிக்குப் பாட்டு வரும், பார்க்கில் நிற்பவர்கள் எல்லாம் சேர்ந்து கையை வீசுவார்கள்.

நெசவாளர் தந்த பயிற்சி

தமிழ்நாட்டில் நடுத்தர வயதுப் பெண்கள் கூட்டமாகச் செய்யும் பயிற்சிகளில் பரவலானது வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சி. இவர் 1911-ல் கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். 2006-ல் காலமானார். பொள்ளாச்சி அருகே ஆழியாறில் இவரது அறிவுத் திருக்கோவில் இருக்கிறது. மனவளக்கலை மன்றங்கள் பல ஊர்களில் உள்ளன.

கை, கால், மூச்சு, கண் என்று தொடங்கி, கடைசியில் உடலைத் தளர்த்திப் படுப்பது வரை ஒன்பது வகை. ஷூ வேண்டாம். மைதானம் வேண்டாம். ஒரு ஹாலும் ஒரு விரிப்பும் போதும். சேலையிலும் செய்யலாம், சுடிதாரிலும் செய்யலாம். பெண்கள் இதற்குத் தயங்காமல் வரக் காரணம் இதுதான்.

மூட்டு இளகும், மனம் அடங்கும். ஆனால் எலும்புக்கும் தசைக்கும் தேவையான பாரம் இதில் குறைவு என்பது நம் அபிப்பிராயம். இதோடு வாரம் இரண்டு நாள் பலப் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும்.

சொல்ல வெட்கப்படும் விஷயம்

கூட்டத்தில் இருந்து திடீரென்று நின்றுவிடும் பெண்கள் உண்டு. காரணம் கேட்டால் "நேரமில்ல" என்பார்கள். உண்மைக் காரணம் பல பேருக்கு வேறு.

குதித்தால், தும்மினால், வேகமாக நடந்தால் சிறுநீர் கசிகிறது. இரண்டு மூன்று பிரசவம் பார்த்த உடம்பில், 40 வயதுக்கு மேல் இது சாதாரணமாக வருவது. புருஷனிடம் கூடச் சொல்லமாட்டார்கள். பேசாமல் கும்மியில் இருந்து விலகி ஓரமாக உட்கார்ந்துகொள்வார்கள்.

இதற்கு வழி இருக்கிறது. அமெரிக்க டாக்டர் ஆர்னால்டு கெகல் 1948-ல் ஒரு பயிற்சியை எழுதினார். அவர் பெயராலேயே இன்றும் அது வழங்குகிறது. சிறுநீரை அடக்குவது போலவும், வாயு பிரியாமல் அடக்குவது போலவும் அடித்தசையை இறுக்க வேண்டும். ஐந்து எண்ணும்வரை பிடித்து, பிறகு தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து முறை, தினம் மூன்று தடவை. மூச்சை அடக்கக்கூடாது. பலன் தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம்.

பஸ்சுக்கு நிற்கும்போது செய்யலாம். தறி முன்னால் நின்றுகொண்டே செய்யலாம். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

மாதவிலக்கு எந்தத் தேதியில் வரும் என்று தெரியாத வயதில், கழிப்பிடம் இல்லாத மைதானத்துக்கு எந்தப் பெண் வருவாள்? இதை ஊராட்சிகளும் நகராட்சிகளும் யோசிக்க வேண்டும். ஊராட்சிகளில் பூங்காவும் உடற்பயிற்சிக் கூடமும் அமைக்க 2016-ல் அரசு திட்டம் அறிவித்தது. கம்பி, தண்டால் மேடை எல்லாம் சரி. பக்கத்தில் பெண்களுக்கு ஒரு சுத்தமான கழிப்பறையும் ஒரு விளக்கும் இருந்தால்தான் அது பெண்களுக்கும் உடற்பயிற்சிக் கூடம். இல்லாவிட்டால் ஆம்பிளைப் பையன்களுக்கு மட்டும்தான்.

காபி யார் போடுவது?

இனி ஆண்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பேப்பரை பஸ்சிலும் ரெயிலிலும் கடைக் கல்லாவிலும் உட்கார்ந்து படிக்கும் அண்ணாச்சிமார்களே, காது கொடுங்கள்.

ஒரு பெண் காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஆறே காலுக்குத் திரும்பிவிடலாம். முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தில் வீட்டில் பால் காய்ச்ச வேண்டும், காபி போட வேண்டும், பிள்ளையை எழுப்ப வேண்டும், குழாயில் தண்ணீர் வந்தால் பிடிக்க வேண்டும். தடை இதுதான். வேறு பெரிய தடை எதுவும் இல்லை.

பெண்களுக்கு ஆர்வம் இல்லை என்பது சுலபமான பேச்சு. அவர்கள் கேட்பது பணம் அல்ல, ஜிம் அல்ல. வாரத்தில் ஐந்து நாள் முக்கால் மணி நேரம் யாரும் தன்னைத் தேடக்கூடாது என்பதுதான். வாக்கிங் போய்விட்டு டீக்கடையில் அரை மணி நேரம் அரசியல் பேசிவிட்டு வரும் கணவர்கள் இந்த ஊர்களில் கொஞ்சமா? வாரத்தில் இரண்டு நாள் அவர்கள் அடுப்படியைப் பார்த்துக்கொண்டால் போதும்.

மாமியார்மார்களுக்கும் இதில் பங்கு உண்டு. "எங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்பதற்குப் பதில், "நானும் வாரேன் தாயி" என்று சேலையைச் செருகிக்கொண்டு கிளம்பினால் அவர் முட்டிக்கும் நல்லதுதான்.

டாக்டரைப் பார்த்துவிட்டு...

பயிற்சி தொடங்கும் முன் ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தத்தின் அளவு மூன்றையும் பார்த்துக்கொள்வது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு ஆஸ்பத்திரியிலோ பார்க்கலாம்.

இதில் ரத்த சோகை முக்கியம். 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்த சோகை இருந்தது. மாதவிலக்கு நிற்கப் போகும் வயதில் ரத்தப்போக்கு அதிகமானால் இது இன்னும் கூடும். நாலு எட்டு நடந்தாலே மூச்சு இரைக்கிறது, படபடக்கிறது என்றால் அது சோம்பல் அல்ல, ரத்தக் குறைவாக இருக்கலாம். அதைச் சரி செய்யாமல் "நடந்தால் சரியாகிவிடும்" என்று நடக்கக்கூடாது.

நடக்கும்போது நெஞ்சு அடைத்தாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நின்று, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு வருடம் நின்றுபோன மாதவிலக்கு மறுபடி வந்தது போல் ரத்தம் பட்டால் அலட்சியமே கூடாது. "மறுபடி வயசு திரும்புது" என்று சிரித்துவிட்டு விடுகிறார்கள். அது புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். டாக்டரிடம் போயே ஆக வேண்டும்.

சாப்பாட்டில் கேழ்வரகு, முருங்கைக்கீரை, எள், பால், மோர் எல்லாம் எலும்புக்கு நல்லது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பால்கோவாவிலும் பால் இருக்கிறதே என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் கேட்பார்கள். இருக்கிறது. புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாதான். சர்க்கரையும் அதே சட்டியில்தான் இருக்கிறது!

குழுவில் தொடங்கலாமே!

2023 நவம்பர் 4-ந் தேதி தமிழக அரசு "நடப்போம் நலம் பெறுவோம்" என்று ஒரு திட்டம் தொடங்கியது. மாவட்டத்துக்கு ஒரு பாதையாக 8 கிலோமீட்டர் நடைபாதை. நல்ல திட்டம். ஆனால் மாவட்டத் தலைநகரில் 8 கிலோமீட்டர் நடக்க, சத்திரப்பட்டித் தறிக்காரம்மா எப்போது போவது?

கைக்கு எட்டும் இடத்தில் ஒரு கூட்டம் ஏற்கனவே இருக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழு! 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கியது. இன்று குழு இல்லாத தெரு உண்டா? பெண்கள் கூடுகிறார்கள், சந்தா கட்டுகிறார்கள், நோட்டில் எழுதுகிறார்கள். கூட்டத்துக்குப் போகிறேன் என்றால் வீட்டில் யாரும் தடுப்பதில்லை. காசு சம்பந்தப்பட்ட விஷயம் ஆயிற்றே!

அந்தக் கூட்டத்தின் முதல் 20 நிமிடத்தைப் பயிற்சிக்கு ஒதுக்கினால் என்ன? மாஸ்டர் வேண்டாம். இதோ ஒரு மாதிரி:

முதல் ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே நடை, கை வீச்சு. அடுத்து நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து நிற்பது பத்து முறை. சுவரில் இரண்டு கையையும் வைத்து முன்னால் சாய்ந்து தள்ளுவது பத்து முறை. குதிகாலை உயர்த்தி விரல் நுனியில் நிற்பது பத்து முறை. ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நிற்பது, பக்கத்தில் இருப்பவர் தோளைத் தொட்டுக்கொள்ளலாம். இரண்டு கையிலும் லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துத் தோளுக்கு மேல் தூக்குவது பத்து முறை. கடைசியாகப் பத்து நிமிடம் கும்மி.

அளவு தெரிந்துகொள்ள மீட்டர் எதுவும் வேண்டாம். செய்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. பேசவே முடியவில்லை என்றால் குறைக்க வேண்டும். கும்மியில் எப்படிப் பாடுவது என்று கேட்டால், ஒருத்தி பாடட்டும், மற்றவர்கள் கொட்டட்டும். அடுத்த சுற்றில் இன்னொருத்தி.

இரண்டு வாரம் கழித்துப் பத்தைப் பன்னிரண்டாக்கலாம். இப்படிக் கூட்டத்தில் கற்றுக்கொண்டதைத் தெருக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து வாரத்தில் இன்னும் ஒரு நாள் செய்தால் பலப் பயிற்சிக்கு இரண்டு நாள் ஆயிற்று. மற்ற நாட்களில் நடை. ஸ்ரீவில்லிபுத்தூரில் என்றால் கோவிலைச் சுற்றி ரதவீதிகள் இருக்கின்றன. ராஜபாளையத்தில் என்றால் சஞ்சீவி மலையைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். வராதவர் வீட்டுக் கதவை மறுநாள் யார் தட்டுவது என்பதையும் குழு நோட்டிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம்.